சாக்ஸைத் துவைத்த மறுநாள் நடந்த பரீட்சை

தொற்றுக் காலத்தில் ஊரே பயந்து நடுங்கியது. மதுரைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழக விடுதியில், பூட்டிய கேட்டுக்குள் மூன்று பேர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள்தான் விழிப்புணர்வுக் குழு. "யாருக்கெல்லாம் இருமல் இல்லை?" என்று வார்டன் கேட்டபோது முந்திக்கொண்டு கையைத் தூக்கியவர்கள். வேறு தகுதி எதையும் அவர் கேட்கவில்லை, பாவம்.

அருளப்பன் தலைவர். பிச்சையா, சொன்ன சொல் தட்டாதவன். மூன்றாமவன் தணிகாசலத்துக்குத்தான் மனசே சரியில்லை. புள்ளியியலில் அரியர். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மாமாவின் சிமெண்ட் கடைக்கு வந்துவிடு என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூக்குக்கு வாசம் தெரியாவிட்டால் நோய் வந்துவிட்டதாக அர்த்தம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. அன்று முதல் மூவரும் காலையில் எழுந்ததும் பிச்சையாவின் சாக்ஸை மோந்து பார்ப்பார்கள். அதை ஜன்னலில் போட்டால் காக்காகூட அந்தப் பக்கம் வராது. மூவருக்கும் குமட்டிக்கொண்டு வரும். "நல்லாத்தாண்டா இருக்கோம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் புது அறிவிப்பு வந்தது. துணிகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைக்கவும். பிச்சையா துவைத்துவிட்டான்.

மறுநாள் அருளப்பன் சாக்ஸை மோந்தான். முகம் வெளுத்தது.

"ஒண்ணுமே தெரியலடா."

"எனக்கும் தெரியல," என்றான் பிச்சையா.

தணிகாசலம் மூச்சை நன்றாக இழுத்தான். "எனக்கு சோப்பு வாசம் மாதிரி ஏதோ வருது."

"பிச்சையா சாக்ஸ்ல சோப்பு வாசம் எப்படிடா வரும்? உனக்கு நோய் மூளைக்கே ஏறிருச்சு."

தணிகாசலம் அழுதே விட்டான். "என் பரீட்சை போச்சேடா!"

நல்லவேளை, பரீட்சை ஆன்லைனில்தான். மேசைமேல் லேப்டாப் இருந்தது. பத்து மணிக்குப் பேராசிரியர் நாச்சியப்பன் திரையில் தோன்றினார்.

"தம்பி, மாஸ்க்கைக் கழட்டு. ஆள் நீதானான்னு பாக்கணும்."

தணிகாசலம் பதறிப்போய் அருளப்பனைப் பார்த்தான்.

"கழட்டினா சாருக்குத் தொத்திக்குமே," என்றான் அருளப்பன். "அவருக்கு சுகர் வேற."

"கழட்டலேன்னா ஃபெயில் ஆக்கிருவாரு."

அருளப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு தணிகாசலத்தின் மாஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பின் தலைக்கு மாட்டினான். கேமரா மறைந்தது.

"என்னப்பா, ஒரே இருட்டா இருக்கு?"

"உங்களுக்கு மாஸ்க் போட்டிருக்கோம் சார். இப்ப நான் கழட்டியாச்சு. நல்லாப் பாத்துக்கோங்க."

பேராசிரியர் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, இரண்டு தடவை இருமினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தொத்திருச்சு," என்றான் பிச்சையா. "நோயாளி தொட்ட பொருளை சோப்புத் தண்ணியால கழுவணும்னு போட்டிருக்கே!"

வாளி நிறையக் கொண்டுவந்து, மேலிருந்து கீழாக ஊற்றினான். 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேராசிரியரின் முகம் நீலமாகி, கோணி, அப்படியே அணைந்துவிட்டது.

மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நல்ல மனுசன்," என்றான் அருளப்பன். "கடைசிவரைக்கும் இவன் பரீட்சையைப் பத்தித்தான் கவலைப்பட்டாரு."

லேப்டாப்பைத் துடைத்து, தெற்கே தலை வைத்துப் படுக்கப் போட்டு, ஊதுபத்தி கொளுத்தினார்கள். தணிகாசலம் கால்மாட்டில் உட்கார்ந்து விசும்பினான். அப்போது அவன் செல்போன் அடித்தது.

"டேய் தணிகாசலம்! நாச்சியப்பன் பேசறேன்!"

தணிகாசலம் சுற்றும்முற்றும் பார்த்தான். தன்னைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். துக்கம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க குரல் எனக்குக் கேக்குதுன்னா... அப்ப நானும் போய்ச் சேந்துட்டேனா சார்?" என்று ஓவென்று அழுதான். "அங்கயாச்சும் என்னைப் பாஸ் போட்டு விடுங்க சார்!"