நகரத்தைக் குடித்த அமைச்சர்

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றைச் சேந்தன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும்.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர், தாம் பார்த்த தேசங்களைப் பற்றிச் சபையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே களிமண்ணாலேயே நகரங்கள் எழும்பியிருந்தனவாம். இன்னோரிடத்தில் பாலைவனத்தின் குறுக்கே ஒரு நீண்ட ஆறு, ஆண்டுக்கொரு முறை பெருகி வண்டலை விட்டுப் போகுமாம். அந்த வண்டலில் விளைந்த தானியத்தை உண்டுதான் ஒரு பேரரசே வளர்ந்ததாம். மலைகள் குறுக்கே நிற்கும் வேறொரு நாட்டில் பள்ளத்தாக்குக்கு ஓர் அரசராம்.

"அந்த நகரங்களைக் கட்டும்படி முதலில் ஆணையிட்ட மன்னர் யார்?" என்று கேட்டார் சேந்தன்.

வணிகர் விழித்தார். "ஆணை என்று யாரும் இட்டதாகத் தெரியவில்லை, அரசே. முதலில் ஆறு வந்தது. பிறகு வயல், வயலை ஒட்டி ஊர். அரசர் கடைசியாகத்தான் வந்தார்."

"கடைசியாகவா?" என்று மன்னர் இரண்டு முறை கேட்டார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. அன்று மாலையே சபையைக் கூட்டினார். மன்னரின் சொல்தான் நகரத்தை உண்டாக்கும் என்று காட்டப்போவதாகவும், தலைநகரை ஊருக்கு வெளியே நின்ற மொட்டைப்பாறை மலையின் உச்சிக்கு மாற்றப்போவதாகவும் அறிவித்தார்.

சபையின் விகடகவி மாசாத்தன் மெல்ல எழுந்தான். "அங்கே காக்கைகூட உட்காருவதில்லையே, அரசே. காரணம் ஏதும் இருக்குமோ?"

பேரமைச்சர் அதியரையருக்கு இதுதான் வேண்டியிருந்தது. மன்னர் தம்மைவிட இந்தக் கோமாளியோடு அதிகம் பேசுகிறார் என்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல். "மாசாத்தனின் அறிவுக்கு ஏற்ற பணி இது, அரசே" என்று சொல்லி, ஓலையைத் தாமே எழுதினார்: 'இந்த நகரத்தை நகரமாக்கியது எதுவோ, அதை ஒரு மாதத்துக்குள் மாசாத்தன் மொட்டைப்பாறைமேல் கொண்டு சேர்க்க வேண்டும். தவறினால் குடும்பத்தோடு நாடு கடத்தப்படுவான்.' மன்னர் முத்திரை வைத்தார்.

மாசாத்தன் ஓலையை நாலு தடவை படித்தான். எதைத் தூக்கிப்போவது என்று அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அரண்மனையையா, கோயிலையா, கடைத்தெருவையா? மனைவி பொற்றாமரை பாத்திரங்களைக் கட்டத் தொடங்கியிருந்தாள்.

"நாடு கடத்தினா எந்தப் பக்கம் போறதுன்னாவது யோசிச்சு வையுங்க" என்றாள்.

அவன் குயவர் தெருவுக்குப் போனான். "நீங்கள் ஏன் இந்த ஊரில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

குயவர் சக்கரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "என்ன கேள்வி சாமி இது? களிமண்ணு இங்கதானே கெடைக்குது. மலைமேல வான்னா வரேன், மண்ணும் கூட வரணும்."

உழவரைக் கேட்டால் வண்டல் என்றார். உப்பு வணிகரோ, "படகு வர்ற இடத்துலதானே யாவாரம் பண்ண முடியும்?" என்றார். கோயில் பட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சனம் இங்கே இருப்பதால் சாமியும் இங்கே இருக்கிறார் என்றார். கேட்கக் கேட்க மாசாத்தனுக்குத் தலை சுற்றியது. தெருத்தெருவாக நடந்து, கடைசியில் ஆற்றங்கரையில் போய் நின்றான். அதற்குமேல் போக இடமில்லை.

மறுநாள் ஊரே குழம்பியது. மாசாத்தன் பறையறைவோரை அழைத்துவந்து, ஆற்றைப் பார்த்து அரச ஆணையைப் படிக்க வைத்தான். மூன்று நாள் படித்தார்கள். ஆறு தன்பாட்டுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அதியரையர் மகிழ்ச்சியோடு மன்னரிடம் சொன்னார். மன்னருக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை.

மாதம் முடிந்த அன்று, நகரம் தயார் என்று மாசாத்தனிடமிருந்து செய்தி வந்தது. சித்திரை வெயிலில் மன்னர் பல்லக்கில் ஏறினார். அதியரையரும் சபையோரும் பின்னால் நடந்தார்கள். உச்சியை அடைவதற்குள் அமைச்சருக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

உச்சியில் ஒரு சுவர்கூட இல்லை. வெறும் பாறை; அதன்மேல் ஒரு மண்குடம். பக்கத்தில் மாசாத்தன் கைகட்டி நின்றான்.

"நகரம் எங்கே?" என்றார் மன்னர்.

மாசாத்தன் பணிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அதியரையர் தாங்கமாட்டாமல் குடத்தைத் தூக்கி மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டார்.

மாசாத்தன் காலிக் குடத்தை எட்டிப் பார்த்தான். "அரசே, இந்த நகரத்தை நகரமாக்கியது எதுவென்று வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் ஆற்றையே காட்டினார்கள். தங்கள் ஆணையைப் படித்துக்காட்டியும் அது தானாக வரவில்லை. முடிந்தவரை தூக்கிவந்து வைத்தேன். தாங்கள் கட்டச்சொன்ன தலைநகரத்தைப் பேரமைச்சர் இப்போதுதான் குடித்துவிட்டார். அதைத் திருப்பித் தரும்படி அவருக்கு ஆணையிட வேண்டும்."

அதியரையரின் தாடியிலிருந்து நீர் சொட்டியது. மன்னர் அவரைப் பார்த்தார், காலிக் குடத்தைப் பார்த்தார், கீழே வெகுதூரத்தில் பச்சைப்பசேலென்று கிடந்த கரையையும் நடுவே மின்னிய ஆற்றையும் பார்த்தார்.

"அப்படியானால் நான் எதற்கு அரசன், மாசாத்தா?"

"எனக்கும் அது குழப்பமாகத்தான் இருக்கிறது, அரசே. ஆனால் தாங்கள் இல்லாவிட்டால் அமைச்சர் ஆற்றையே குடித்துவிடுவார்."

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். பல்லக்குத் தூக்கிகளும் தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கும் அளவுக்குச் சிரித்தார். ஓலையை வாங்கித் தம் கையாலேயே கிழித்தார். கரையோரம் வண்டல் படியும் நிலத்தில் ஒரு துண்டை மாசாத்தனுக்கு அங்கேயே எழுதிக்கொடுத்தார். பிறகு அவனையும் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். அதியரையர் காலிக் குடத்தோடு பின்னால் நடந்து வந்தார். அதை ஆற்றில் நிரப்பி ஆற்றிலேயே ஊற்றி, குடித்த நகரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பது மன்னரின் புதிய ஆணை.