சவேரிமுத்துவின் பெட்டியில் எடுத்த காயின்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட முதலாளிகளின் கிளப் ஒன்று இருந்தது. உள்ளே விடக் கூடாதவர் என்று அதன் வாசல் பலகையில் ஒரே ஒரு பெயர்: சவேரிமுத்து. சீட்டு அறையைப் பார்த்துக்கொண்ட பட்லர். சீட்டாட்டத்தில் வைக்கும் காயினைப் போலவே கள்ளக் காயின் செய்தார் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன் துரத்தப்பட்டவர், இப்போது படுத்த படுக்கை. அவர் கண் மூடுவதற்குள் அந்தப் பெயரை அழிக்கவைக்க வேண்டும் என்று மகள் பிலோமினா கிளப் படியேறினாள்.

செயலாளர் கனகசபாபதி தாமே நாற்காலி இழுத்துப் போட்டார். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. திருடன் மகளுக்கு யாராவது இவ்வளவு உபசாரம் செய்வார்களா?

"உக்காரும்மா. உங்கப்பா பேரை அங்க வச்சிருக்க எனக்கு மட்டும் ஆசையா என்ன? ஆதாரம் இருக்கே" என்று கண்ணாடி அலமாரியைத் திறந்தவர், கேட்காமலே கதையும் சொன்னார். சீட்டில் பணத்துக்குப் பதில் வைக்கும் காயின்கள் முதலில் யானைத் தந்தம். நடுவில் ஒரு பூ, கையால் செதுக்கியது. கைத்திறன் உள்ள எவனும் இன்னொன்று செதுக்கிவிடுவான் என்று அதை நிறுத்தினார்கள். அடுத்தது, களிமண் கலவையை அச்சில் அழுத்திச் செய்தது. நடுவில் வெள்ளைப் பூ, சுற்றிலும் ஒரே பழுப்பு.

"அதையும் உங்கப்பா விட்டுவைக்கல. அவரை அனுப்பின மறு வருஷம் நானே யோசிச்சு சீமைக்கு எழுதினேன். அதே பூ, ஆனா விளிம்புல மூணு சிவப்புத் துண்டு பதிச்சு வந்துச்சு. சிவப்பு உள்ளே வரைக்கும் போகும். இனிமே எந்தக் கொம்பன் வந்தாலும் நடக்காது!" அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு ஒரு காயினை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான் கள்ளக் காயின். உங்கப்பாவை அனுப்பின அன்னிக்கு, அவர் டிரங்குப் பெட்டியிலேருந்து என் கையால எடுத்தேன்."

நடுவில் வெள்ளைப் பூ. விளிம்பில் மூன்று இடத்தில் சிவப்பு. பிலோமினா நகத்தால் சுரண்டினாள். சிவப்பு உதிர்ந்து பழுப்பு தெரிந்தது, வெறும் பெயிண்ட்.

"பாத்தியாம்மா?"

அவள் காயினை அவரிடமே நீட்டினாள். "நல்லாப் பாத்துட்டேங்க. எங்கப்பா பேரை நீங்களே அழிக்கிறீங்களா, நான் அழிக்கட்டுமா?"

காயின் கள்ளக் காயின்தான், சந்தேகமே இல்லை. பிறகு எந்தத் தைரியத்தில் அப்படிக் கேட்டாள்? இதில் பொய் சொன்னது யார்?

விடை: கள்ளக் காயின் செய்கிறவன் புழக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் செய்வான். சிவப்பு விளிம்பு வந்ததே சவேரிமுத்து போன மறு வருஷம். அதற்குமுன் அவர் பெட்டியில் அது எப்படி இருக்கும்? பொய் சொன்னவர் கனகசபாபதி. அன்றே அவர் தம் கையாலேயே பலகையைக் கழற்றினார். செய்தி கேட்டுச் சவேரிமுத்து வாய்விட்டு அழுதார். ஆனால், அப்படியானால் கள்ளக் காயினைச் செய்தது யார் என்று கிளப்பில் ஒரு முதலாளிகூட இதுவரை கேட்கவில்லை. பிலோமினாவுக்கு அதுதான் சந்தேகமாக இருக்கிறது.