வலது சக்கரத்தின் முளை

இந்தக் கதையில் குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபதைத் தாண்டி வெகுநாளாயிற்று. மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், இப்படித்தான் நடந்தது.

குரு பூங்கோதை, கோயம்புத்தூரில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு லீவு. அன்று பின்னறை மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து குட்டிக் கார் கட்டுவார்கள். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் நிஜமாகவே திரும்பும்.

சீடர் மாசிலாமணி, ரிட்டயர்டு தாசில்தார். அவரும் அவருடைய சிநேகிதர் தேவசகாயமும் சேர்ந்து ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உலோக முளை உண்டு. அது அச்சின் நுனியிலுள்ள துளைக்குள் இறங்கி இறுக்கமாக நிற்க வேண்டும், திரும்பவும் வேண்டும். துளைகளைப் போட்டவர் தேவசகாயம். முளைக்குப் பெயிண்ட் அடித்து மாட்டுவது மாசிலாமணியின் வேலை.

"உள்ள போற இடத்துல பெயிண்ட் படக் கூடாது" என்று பூங்கோதை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாசிலாமணி கேட்டால்தானே! முளை முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், அதன் மேல் இன்னொரு தடவை. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

போன ஞாயிறு இடது முளை உள்ளே போக மறுத்தது. குறடால் பிடித்து அழுத்தினார். அச்சின் நுனி டக்கென்று உடைந்தது. துளை விளிம்பில் கறுப்புப் பெயிண்ட் சுருண்டு நிற்பதை அவர் பார்த்தார். யாரும் பார்ப்பதற்குள் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்துவிட்டு எல்லார் எதிரிலும் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க தேவசகாயம். உங்க கைதான் இப்பல்லாம் நடுங்குதே. துளை கோணிப் போச்சு."

தேவசகாயம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும்" என்றார். டீ கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

இந்த ஞாயிறு அவர் வரவில்லை. அவருடைய சாமான் பெட்டி மட்டும் மேசைமேல் இருந்தது.

"மாஸ்டர் குடுத்தனுப்பினார்" என்றார் பூங்கோதை. "வேண்டியவங்களுக்குக் குடுத்துடணுமாம். இனிமே அவர் கைக்கு ஆகாதாம். பேத்திக்குப் படம் போட்டுக் குடுக்கறதையும் விட்டுட்டாராம்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவர் நிமிரவே இல்லை. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார். போன பிறகும் வாயில் வந்தது வேறு கேள்வி. மனுஷன் அப்படித்தான், தொண்டை வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டு வேறெதையாவது பேசுவான்.

"ஏனுங்க டாக்டர், முளை இறுகிக்கிட்டுப் போக மாட்டேன்னா என்ன பண்றது?"

பூங்கோதை அதே அச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இடது நுனி உடைந்திருந்தது. வலது நுனியில் தேவசகாயம் போட்ட இன்னொரு துளை அப்படியே இருந்தது. வலது சக்கரத்தின் முளையையும் ஒரு பிளேடையும் பக்கத்தில் வைத்தார்.

"உள்ள போற இடத்த மட்டும் சுரண்டுங்க சார்."

"இவ்வளவு அழகா அடிச்சதையா?"

"ஆமாங்க."

சுரண்டினார். கறுப்புத் தோல் சுருள் சுருளாக உரிந்தது. உள்ளே வெறும் உலோகம்.

"பல்லிளிக்குதுங்களே டாக்டர்."

"இப்ப விட்டுப் பாருங்க."

துளையில் வைத்து விரலால் லேசாக அழுத்தினார். குறடே வேண்டியிருக்கவில்லை. முளை இறங்கி நின்றது. ஆடவில்லை. திருப்பினால் திரும்பியது. கோணலாவது ஒன்றாவது! மயிரிழை பிசகில்லாத துளை.

மாசிலாமணிக்குக் காது மடல் வரை சுட்டது. அச்சைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

"துளை சரியாத்தான் இருக்கு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெரியுங்க."

"எப்ப இருந்து?"

"அன்னைக்கே. உங்க கட்டைவிரல்ல கறுப்பு ஒட்டியிருந்துச்சு."

அவர் விரலை மடக்கிக்கொண்டார். "அப்பவே எல்லார் எதிர்லயும் கேட்டிருக்கலாமே டாக்டர். செருப்பால அடிச்ச மாதிரி கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

இதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். மாசிலாமணி தலையைக் குனிந்தார். ஆபீசில் எத்தனையோ பேர் அவர் முன்னால் இப்படி நின்றிருக்கிறார்கள். தான் நின்றதில்லை.

"நீங்களே மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். நான் உடைச்சதுதான்னு."

"நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பார். கை போச்சுன்னு அவரை நம்ப வச்சது நீங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவார்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? இந்த வயசுல, பொய் சொன்னேன்னு அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி… அசிங்கமா இருக்குதுங்க."

பூங்கோதை மேசை விளக்கை இழுத்து அச்சின் மேல் காட்டினார்.

"சார், சுரண்டினீங்களே, அந்த இடம் எங்கன்னு காட்டுங்க."

அவர் குனிந்தார். அச்சைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெளியே கறுப்பு மட்டும்தான் இருந்தது.

"காணோம். உள்ள போயிருச்சு."

பூங்கோதை விளக்கை அணைத்தார். தேவசகாயத்தின் சாமான் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களும் உள்ள போங்க சார். மாஸ்டர் வீட்டு வாசல்ல நின்னே சொல்லிட்டுத் திரும்பி வந்துடாதீங்க."