கலியபெருமாள் ஒட்டிய காகிதங்கள்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு அறுபத்துமூன்று.

கும்பகோணத்தில் ரெஜினா டீச்சரிடம் இங்கிலீஷ் படிக்க வந்தவர்களில் கலியபெருமாள்தான் மூத்தவர். கேள்வி கேட்டே உயிரை வாங்குபவரும் அவர்தான். கனடாவில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப் போகிறார். வீட்டைத் தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்து இன்னொருவருக்கு விலை பேசி முடித்துவிட்டார்.

ஒருமையும் பன்மையும் ஒரே வாரத்தில் பிடிபட்டன. உடைமையில்தான் மாட்டிக்கொண்டார்.

“ஒரு பொருள் இன்னாருடையதுன்னு எப்படி டீச்சர் நிச்சயமாச் சொல்றது?”

“பேருக்குப் பின்னால மேலே ஒரு கொக்கி, அப்புறம் ஒரு எஸ். வீட்டுச் சாமான்ல எல்லாம் எழுதி ஒட்டிப் பாருங்க ஐயா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போனபோது வீடு முழுக்கக் காகிதம். கலியபெருமாள்’ஸ் சேர். கலியபெருமாள்’ஸ் ஃபேன். அடுக்களையில் பத்து டம்ளர்கள் வரிசையாக நின்றன. பத்திலும் கலியபெருமாள்’ஸ் டம்ளர். கொக்கி ஒன்றுகூட இடம் மாறவில்லை. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுக்களை வாசலில் அவருடைய அக்கா தையல்நாயகி மஞ்சள் பையோடு நின்றிருந்தாள்.

“அந்த நாலடுக்குக் கேரியரை மட்டும் குடுடா தம்பி. நீ போனப்புறம் கண்ணால பாக்க ஒண்ணு இருக்கட்டும்.”

“சாமானோட சேத்துப் பேசியாச்சுக்கா. உனக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். என் சாமான், நான் சொன்னதுதான்.”

அக்கா பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டீச்சருக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

டீச்சர் அந்தக் கேரியரைக் கையில் எடுத்தார்.

“இது யாருதுங்க ஐயா?”

“என்னுதுதான். ஒட்டியிருக்கேனே.”

டீச்சர் நகத்தால் கிள்ளிக் காகிதத்தை உரித்தார். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள்.

“படிங்க.”

கலியபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அன்பளிப்பு... கு. தையல்நாயகி.”

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, அரிசி ஆலைக் கூலியில் அக்கா வாங்கித் தந்த கேரியர். எத்தனையோ வருஷம் அதில்தான் அவருக்கு மத்தியானச் சோறு போயிற்று. அந்தப் பெயரின் மேலேயே பசையைத் தடவியிருக்கிறார்.

“குடுத்தவங்க பேரை வெட்டுறது வழக்கம்தானே டீச்சர்...” குரல் இறங்கிவிட்டது.

“ஆமாங்க. அடுத்ததைப் பாப்போம்.”

டம்ளரில் மாமனார் பெயர் இருந்தது. குடத்தில் எதிர்வீட்டு ஹமீது பாய் பெயர். கூட வேலை பார்த்த செபஸ்தியானை அவர் மறந்தே போயிருந்தார். அவன் சாப்பாட்டுத் தட்டில் வெட்டிய எழுத்திலிருந்து எழுந்து வந்தான். டீச்சர் உரித்துக்கொண்டே போனார். அந்த அடுக்களையில் கலியபெருமாள் பெயர் வெட்டிய கரண்டி ஒன்றுகூட இல்லை.

கலியபெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அத்தனையும் தப்பாவா எழுதியிருக்கேன்?”

“இல்லீங்க ஐயா. இலக்கணத்துல ஒரு பிழையும் இல்ல.” டீச்சர் புதுக் காகிதம் ஒன்றை அவர் முன்னால் வைத்தார். “உங்க பேரு வெட்டின பாத்திரம் யார் வீட்டுல இருக்குன்னு இதுல எழுதிடுங்க. பாடம் முடிஞ்சுது.”

கலியபெருமாள் பேனாவைத் திறந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவள் மகள் கல்யாணத்துக்குக் கையை வீசிக்கொண்டு போய், பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

வேறு வீடு ஏதாவது அகப்படுமா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.