பிரம்மா கிராபிக்ஸின் அசுர வேகக் கம்ப்யூட்டர்

காதில் பூச்சுற்றுவதில் பிரம்மநாயகத்தை அடித்துக்கொள்ள தென்காசி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. ஆனால் அன்றைக்குக் காலையில் அவர் சுற்றிய பூ பொழுதுபோக்குக்காகச் சுற்றியதல்ல, வயிற்றுப்பாட்டுக்காகச் சுற்றியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'ஸ்ரீ பிரம்மா கிராபிக்ஸ்' என்று அவருக்கு ஒரு கடை உண்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் பிளெக்ஸ் போர்டுக்கு டிசைன் போட்டு, வெளியே அச்சடித்து வாங்கித் தருவது தொழில். பிளெக்ஸ் என்றால் லேசுப்பட்ட காரியமா? ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் அத்தனை சொந்தக்காரன் முகமும் அதில் இருந்தாக வேண்டும். தாய்மாமன் முகம் பூசணிக்காய் அளவு, சித்தப்பா முகம் தேங்காய் அளவு, ஒன்றுவிட்ட உறவெல்லாம் எலுமிச்சம்பழ அளவு. யாருடைய முகமாவது விட்டுப்போனால் பந்தியில் இலை பறக்கும். முகம் கூடக் கூட, பிரம்மநாயகத்தின் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். சம்பந்தி வீட்டு வரிசையை ஏற்றும்போது அப்படியே மலைத்துப்போய் நின்றுவிடும்.

இந்த லட்சணத்தில் எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதுக்கடை ஒன்று வந்து உட்கார்ந்தது. டிசைனும் அங்கேயே, அச்சும் அங்கேயே. அந்தக் கடை கண்ணிலேயே படக் கூடாது என்று பிரம்மநாயகம் தன் வாசலில் ஒரு பழைய பிளெக்ஸைத் தட்டிபோல மறைத்துக் கட்டினார். பிறகு கையில் இருந்த சொற்பக் காசுக்குப் பழைய சாமான் கடையில், வேகம் கூடும் என்று ஒரு ரேம் வாங்கிவந்து, கம்ப்யூட்டரைத் தானே பிரித்து, தானே மாட்டி, தானே மூடினார். மூடிய பிறகு அது முன்னைவிட மெதுவாகிவிட்டது என்பதைப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் அண்ணனின் பாத்திரக்கடைக்குப் போகச் சொல்வாள். "மாப்ள, அந்த மேல் தட்டுக் குடத்தை எடுங்க" என்று மச்சினன் ஏவுவான், இவர் ஏணியில் ஏற வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆவுடையப்பன் தன் தங்கை வீட்டுக்காரர் கோமதிநாயகத்தோடு கடைக்குள் வந்தார். தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. ஆவுடையப்பன் தாய்மாமன். அந்தக் குடும்பத்தில் ஒரு காதுகுத்தைப் பிடித்துவிட்டால் அடுத்தடுத்து எல்லா விசேஷமும் தானாக வரும். இதை விட்டால் ஏணிதான்.

பிரம்மநாயகம் பட்டனை அமுக்கினார். உள்ளே காற்றாடி உறுமியது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது நிற்கிற வரைக்கும் இவர்களை எழுந்திருக்க விடக் கூடாது என்று அவர் திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். "என்ன வே, வட்டம்லா சுத்திக்கிட்டு நிக்கி?"

"அண்ணாச்சி சின்ன வயசுல பம்பரம் விட்டதில்லயா? நல்ல வேகத்துல சுத்தும்போது பம்பரம் அசையாம நிக்கும்லா? தூங்குதுன்னு சொல்லுவோம்லா? இது இப்ப அந்த வேகத்துல இருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் நிக்கிற மாதிரி தெரியும்."

"அப்ப எங்க படம் எப்ப தெரியும்?"

"வேகம் கொஞ்சம் தணியணும்" என்றார் பிரம்மநாயகம்.

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். சிரித்தவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்தும் உட்கார்ந்தார். பிரம்மநாயகத்துக்கு உயிர் வந்தது.

"எல்லாம் நான் கைப்பட மாட்டின ரேம் செய்யுத வேலை அண்ணாச்சி. அது ஒரு அரசாங்க ஆபீசுல கழிச்சுப் போட்டது. மாட்டின மொத நாளு என்ன செஞ்சுதுங்கீங்க? பதினோரு மணிக்குத்தான் முழிச்சுது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போயிட்டு. ஒரு கல்யாண பிளெக்ஸைத் தொறன்னா, 'மனு கொடுத்தாச்சா?'ன்னு ஸ்கிரீன்ல கேக்கு."

"தமிழ்லயா?"

"சுத்தத் தமிழ்ல. 'அதிகாரி விடுப்பில் உள்ளார், நாளை வரவும்'னு முத்திரையோட வருது. மறுநாள் போனா, 'நகல் இணைக்கப்படவில்லை'ங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கழட்டி உள்ளங்கையில வச்சுக்கிட்டு, 'ஒழுங்கா வேலை பாக்கியா, இல்ல தண்ணியில்லாத காட்டுக்கு மாத்தல் போடட்டுமா'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். நடுங்கிப்போச்சு. அப்புறம் பள்ளிக்கூடத்து அழி ரப்பரை எடுத்து, அதோட பழைய பழக்கத்தையெல்லாம் அழுத்தித் தேச்சு எடுத்துட்டேன். அன்னையிலருந்து தீவாளிக்குக்கூட லீவு கேக்கதில்ல."

ரப்பரால் தேய்த்தது மட்டும் நிஜம். கோமதிநாயகம் அதிகம் பேசாத மனுஷன். அவர் மச்சானைப் பார்த்தார், மச்சான் அவரைப் பார்த்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன் மச்சான்" என்று போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரையைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் குறைந்ததில் பிரம்மநாயகத்துக்குப் பரம சந்தோஷம். வட்டமோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ரொம்ப உறுமுதே வே. சூடாகி வெடிச்சுத் தொலைக்கப் போகுது" என்றார் ஆவுடையப்பன்.

"இதுவா, சூடாவா?" பிரம்மநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். "சூடு ஏறாம இருக்கணும்னா பிராசசர் மேல ஒரு பசை தடவணும். விலையைக் கேட்டா நமக்குச் சூடு ஏறிரும். கல்யாண வீட்டுல வாங்கின சந்தனம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. பன்னீரை விட்டுக் குழைச்சுத் தடவிட்டேன். குளுந்துச்சு பாருங்க, பக்கத்து ஜூஸ் கடைக்காரரு பிரிட்ஜையே வித்துட்டாரு. அவரு பால் பாக்கெட் எல்லாம் இந்தப் பெட்டி மேலதான்."

"ஒரு பாக்கெட்டையும் காணுமே வே?"

"காலையிலயே வித்துப்போச்சு. அதை விடுங்க. அக்கினி நட்சத்திரத்துல ஒருநாள் இந்தக் காத்தாடிக் காத்து சன்னல் வழியா வெளிய போயி மலையில முட்டுச்சு. குத்தாலத்துல சாரல் விழுந்துட்டு! அருவியில தண்ணி கொட்டுதுன்னு மதுரையிலருந்தெல்லாம் ஜனம் பஸ் புடிச்சு வந்துட்டு. நமக்கு என்ன தெரியும்? நான் பாட்டுக்கு மத்தியானம் கம்ப்யூட்டரை அமத்திட்டுச் சாப்பிடப் போனேன். அருவி நின்னுட்டு. அத்தனை ஜனமும் தலையில சீயக்காயோட நிக்கி! அப்புறம் பஞ்சாயத்துலருந்து ஆள் வந்து கும்பிட்டுக் கேட்டாங்க, 'அண்ணாச்சி, ஜனம் தலையை அலசுத வரைக்குமாவது போட்டு விடுங்க'ன்னு."

"போட்டு விட்டீரா?"

"பாவம்லா. பாதிச் சாப்பாட்டுல ஓடியாந்தேன்."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்கப் பிரம்மநாயகத்துக்கு நம்பிக்கை ஊறியது. இந்த மனுஷன் இனி எழுந்திருக்க மாட்டார், காதுகுத்து நமக்குத்தான், பாத்திரக்கடை ஏணியில் வேறு எவனாவது ஏறட்டும். திரும்பி ஒருமுறை திரையைப் பார்த்தார். வட்டம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதில் வெறும் கறுப்பாக இருந்தது.

"இப்ப என்ன வே, கருகருன்னு இருக்கு?"

"வட்டம் முடிஞ்சுட்டுன்னா அடுத்து இதுதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பிரம்மநாயகம் துணிந்து பெரிய கதைக்கே போய்விட்டார். "ஹார்டு டிஸ்க்கைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்லுதேன். புதுசு வாங்கு, அதுதான் வேகம்னான் ஒருத்தன். நம்ம வசதிக்கு ஆகுமா? வீட்டுல தையல் மிஷின் எண்ணெய் இருந்துச்சு. ரெண்டு சொட்டு விட்டேன். ஒரு சொட்டோட நிப்பாட்டியிருக்கணும். வேகம் கை மீறிப் போச்சு."

"கை மீறின்னா?"

"ஆளு வந்து கேக்கதுக்கு முன்னாடியே பிளெக்ஸைப் போட்டு வச்சிருது. ஒருநாள் காலையில தொறக்கேன், ஒரு வாத்தியார் மகளுக்குக் கல்யாண பிளெக்ஸ் தயாரா இருக்கு. மாப்பிள்ளை முகம், பேரு, மண்டபம், மொய் எழுதுத ஆளு உள்பட. ஆனா அந்த வீட்டுல இன்னும் ஜாதகமே எடுக்கல! வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. 'சரி, பிளெக்ஸை வீணாக்க வேண்டாம்'னு அந்த மாப்பிள்ளையைத் தேடிப் புடிச்சுக் கட்டி வச்சிட்டாரு. இன்னைக்கு ரெண்டு பேரும் சந்தோசமா இருக்காங்க."

"உம்ம வாய்க்கு ஒரு சுங்கச்சாவடி வைக்கணும் வே."

"முழுசாக் கேளுங்க. தாலி கட்டின அன்னைக்குச் சாயங்காலமே, அவங்களுக்குப் பொறக்கப் போற பிள்ளைக்குக் காதுகுத்து பிளெக்ஸையும் இது போட்டுட்டு. பிள்ளைக்கு மூக்கு அப்பனை மாதிரி. அந்தப் பொண்ணு வெக்கப்பட்டு இந்தத் தெரு வழியா வரதே கிடையாது."

ஆவுடையப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா எங்க வீட்டுக் காதுகுத்து பிளெக்ஸும் முன்னாடியே தயாரா இருக்கணுமே வே?"

தன் வலையில் தானே போய் விழுந்தது பிரம்மநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் பின்வாங்குகிற வாய் இல்லை அது. "இருக்கே! நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சு அது எப்பவோ போட்டாச்சு. எடுத்துக் காட்டுததுதான் பாக்கி" என்றார்.

வாசலில் தட்டியை விலக்கிக்கொண்டு கோமதிநாயகம் உள்ளே வந்தார். அக்குளில் ஒரு பெரிய சுருள். அதைப் பெஞ்சின் மேல் வைத்துப் பிரித்தார். மைவாசம் குப்பென்று வந்தது. நட்டநடுவில் ஆவுடையப்பனின் முகம், பூசணிக்காய் அளவில், பளபளவென்று. சுற்றிலும் தேங்காய்கள், எலுமிச்சம்பழங்கள். சம்பந்தி வீட்டு வரிசைகூட ஒரு முகம் குறையாமல் இருந்தது.

"போன்ல இருந்த படத்தையெல்லாம் எதிர்த்த கடையில கொடுத்தேன், உடனே போட்டுட்டாங்க" என்றார் கோமதிநாயகம்.

"நான்தான் கண்ணைக் காட்டி அனுப்பினேன். தப்பா நெனைக்காதயும் வே" என்றார் ஆவுடையப்பன். "ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிருக்கலாம். கதை நல்லாருந்துச்சு, பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல."

பிரம்மநாயகம் பிளெக்ஸைப் பார்த்தார். அழகான வேலை. அவரால்கூட இவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருக்க முடியாது. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. வந்த அழுகையை விழுங்கினார். விழுங்கிய இடத்தில் வழக்கமான சரக்கு மேலே வந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, நான் சொன்னேன்லா!" என்று துள்ளிக் குதித்தார். "எப்பவோ போட்டாச்சுன்னு சொன்னேனா இல்லியா? என் கம்ப்யூட்டர்தான் இதைப் போட்டது. இங்க அச்சு மிஷின் இல்லைங்கிறதால, கரண்டு வயர் வழியா ரோட்டைத் தாண்டி, எதிர்த்த கடை மிஷின்ல போய் அடிச்சுக் கொடுத்திருக்கு. அவனுக்கே இது தெரியாது!"

கோமதிநாயகம் பிளெக்ஸை மெதுவாகச் சுருட்டி, மறுபடியும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உங்க கம்ப்யூட்டரே எதிர்த்த கடைக்குத்தான் போகுது அண்ணாச்சி" என்றார். "நாங்க போனா மட்டும் என்ன தப்பு?"