சுவரில் பதினொன்று

லில்லி புஷ்பம் டீச்சரின் கல்லூரிக் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் போட்டிகள் தொடங்குமுன், பயிற்சியின் முதல் நாள், பதினெட்டுப் பெண்களும் வட்டமாக நிற்பார்கள். பந்து தரையில் படாமல் கால் மாற்றிக் கால் போக வேண்டும். விழுந்தால் எண்ணிக்கை முடிந்தது. அந்த எண்ணை டீச்சர் சாமான் அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதுவார். ஆண்டு, எண். வேறொன்றும் எழுதமாட்டார்.

இந்த ஆண்டு கடற்காற்று மூலைக்கொடிகளை வளைத்துக்கொண்டிருந்தது. பந்து பதினோராவது தொடுதலில் விழுந்தது.

“பதினெட்டுப் பேரு நிக்கோம். பதினொண்ணு! மிச்சம் ஏழு பேரு வேடிக்கை பாக்கவா வந்தோம்?” என்றாள் கோல்கீப்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். பந்தை விட்ட சுபிதா சிரிக்கவில்லை. முதலாண்டு மாணவி. கோல்கம்பத்தின் அடியில் போய் உட்கார்ந்து, ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

கேப்டன் ஆன்சியும் சிரிக்கவில்லை. டீச்சரின் பின்னாலேயே சாமான் அறைக்குள் போனாள். அவளுக்கு இது மூன்றாவது ஆண்டு, கடைசி ஆண்டும்கூட.

“டீச்சர், போட்டிக்கு லிஸ்ட் இன்னைக்குத்தானே அனுப்பணும்?”

“சாயங்காலம்.”

“சுபிதா பேர எடுத்திருங்க.”

“ஏன்?”

“சுவரப் பாருங்க. நாலு வருஷம் முன்ன நாற்பது, அந்த டீம் கோப்பை வாங்கிச்சு. போன வருஷம் அறுபத்தி நாலு. இந்த வருஷம் பதினொண்ணு! இதவிட மோசமான டீம் நம்ம காலேஜுல இருந்ததே இல்ல.”

“அறுபத்தி நாலு என்ன ஆச்சு?”

“முதல் ஆட்டத்துலயே தோத்தோம். அதுக்கு எண்ணு என்ன செய்யும்? ரெஃப்ரி சும்மா பெனால்டி குடுத்தான். பந்து கையில படவே இல்ல டீச்சர், எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.”

“ஒரு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்க. அதுக்கு முந்தின வருஷம் ஒன்பதுன்னு இருக்கே. பதினொண்ண விடக் குறைவுல்லா?”

“அது கணக்குல சேராது. அன்னைக்கு மழை. பந்து வழுக்கிச்சு. அந்த டீம் ஃபைனல் வரைக்கும் போச்சே!”

டீச்சர் சுவரின் பக்கம் குனிந்து பார்த்தார். “மழைன்னு எழுதியிருக்கா?”

“எழுதல்ல. அதத்தான் நானும் கேக்கேன். வெறும் எண்ண எழுதுனா என்ன நியாயம்? ஒருத்தி விட்டதுக்குப் பதினெட்டுப் பேருக்கும் கெட்ட பேரு. நாளைக்கு வாறவ இதப் பாத்து, ‘ஆன்சி கேப்டனா இருந்த டீமா, அது பதினொண்ணு’ன்னு சொல்லுவா. விட்டவ பேரப் பக்கத்துல எழுதணும் டீச்சர். எந்த டீம் யாரால கெட்டுச்சுன்னு தெரியட்டும்.”

டீச்சர் கரித்துண்டை எடுத்தார்.

“நீ சொல்லுறதுல நியாயம் இருக்கு மக்களே” என்று அதை அவளிடம் கொடுத்தார். “எழுது.”

ஆன்சி இதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் மூன்று வாதங்கள் தயாராக வைத்திருந்தாள். இந்த ஆண்டையும் எதிரே பதினொன்றையும் எழுதினாள். அதன் பக்கத்தில் பெயரெழுதக் கையை உயர்த்தினாள்.

“பொறு. எழுதுனா எல்லா வருஷத்துக்கும் எழுதணும். அதுதானே நியாயம்? உனக்குத் தெரிஞ்ச வருஷத்துல இருந்து தொடங்கு.”

ஆன்சியின் கை இரண்டு வரி மேலே போனது. அவள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. அதன் எதிரே ஒன்பது.

அந்த ஒன்பதாவது தொடுதல் அவளுடையது. முழங்காலில் பட்டுத் தெறித்த பந்து வட்டத்துக்கு வெளியே சேற்றில் போய் நின்றது. அன்றைக்கும் சிரித்தார்கள். அன்றைக்கும் சாயங்காலம் லிஸ்ட் போனது, அவள் பெயரோடு.

சுவரில் ஒன்பதுக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. ஆன்சி கரித்துண்டைப் பிடித்தபடியே நின்றாள். வெளியே யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது.

“அன்னைக்கு மழை, டீச்சர்” என்றாள். குரலில் வாதம் இல்லை.

டீச்சர் மேசையிலிருந்த லிஸ்டை எடுத்து அவளிடம் நீட்டினார். பதினெட்டுப் பெயர்களும் அப்படியே இருந்தன.

“ஆமா மக்களே. இன்னைக்குக் காத்து.”