பூட்டின் மேல் பூட்டு

"உடைச்சிரட்டுங்களா சிஸ்டர்?"

கல் தலைக்கு மேலே நின்றது. பர்னபாஸ் அதை ஓங்கிப் பிடித்திருந்தார்.

சபைக் கதவில் அவர் போட்ட பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, நேற்றுவரை இல்லாத இன்னொரு பூட்டு. அதன் சாவி கட்டடத்துச் சொந்தக்காரர் சாமியப்பனிடம்.

ஹெப்சிபா சிஸ்டர் கோயமுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தோள்பையை இன்னும் இறக்கவில்லை. பர்னபாஸின் மூத்த மகள் வயதுதான் அவருக்கு. ஆனாலும் பனியன் கம்பெனி மெக்கானிக்காக இருந்த மனுஷனைச் சபை ஊழியத்துக்குக் கூட்டி வந்தவர் அவர். வேதத்தை எப்படி வாசிப்பது, அழுகிறவர் பக்கத்தில் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது.

"கல்லு கனமுங்களாண்ணா?"

"கனந்தான்."

"கீழ வச்சுட்டுப் பேசலாமே."

"வச்சா கோபம் போயிரும்."

"அப்ப வச்சிராதீங்க" என்றார் சிஸ்டர்.

பர்னபாஸ் கல்லைத் தலையிலிருந்து நெஞ்சுக்கு இறக்கினார். அதற்குக் கீழே இறக்கவில்லை.

"நேத்து சாமியப்பன் போன் பண்ணிச் சொல்றாருங்க. கறுப்பனுகளும் பிளாட்பாரத்து ஆளுகளும் வந்துபோற எடத்துக்கு நாளைக்கு எவன் வாடகைக்கு வருவான்னு கேக்கறார். இது ஓடாத நிட்டிங் ஷெட்டு சிஸ்டர். எலி குடியிருந்துச்சு. அப்ப அவருக்கு நாத்தம் தெரியல. நாங்க கழுவினோம், வெள்ளையடிச்சோம், சபை ஆரம்பிச்சோம். யாருக்காக? எங்கே போனாலும் வாசல்லயே நிறுத்தி வைக்கறாங்களே, அவங்களுக்காகத்தானே? நீங்கதானே அனுப்புனீங்க?"

"ஆமா."

"அப்பறம் என்னங்க? உடைக்கட்டுமா, வேண்டாமா?"

சிஸ்டர் பூட்டைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"இந்தப் பூட்டு யாரை வெளியே நிறுத்தியிருக்குது?"

"எல்லாரையும்!"

"போய் எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. எல்லாருக்கும் கோபம்னா, அந்தக் கல்லை எங்கிட்டக் குடுங்க. நானே உடைக்கறேன்."

இதைவிடச் சுலபமான வேலை கிடையாது என்று நினைத்தார் பர்னபாஸ். கல்லோடு கிளம்பினார்.

வேப்பமர நிழலில் குடும்பங்கள் நின்றன. ஆண்கள் பைக்கில் சாய்ந்திருந்தார்கள், பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஷெட்டுக்கு வாடகை கட்டுவது இவர்கள்தான். அமிர்தராஜ் முன்னால் வந்தார்.

"கோபமுங்களா அமிர்தராஜ்?"

"பின்னே? குழந்தைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்து வெயில்ல நிக்கறோம்."

"யார் மேல?"

அமிர்தராஜ் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்குன்னு சாயங்காலம் வேற எடத்துல தனியா ஒண்ணு வச்சுட்டா, சாமியப்பன் ஏன் பூட்டறார்?"

பர்னபாஸுக்குக் காது கொதித்தது. "சபையைப் பந்தி மாதிரி ரெண்டாப் பிரிக்கச் சொல்றீங்களா?"

"கல்லை அந்தப் பக்கம் வச்சுட்டுப் பேசுங்க. பயமா இருக்குது."

"பயப்படுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எதிர்ப்பக்கம் கெல்வின் நின்றிருந்தார். நைஜீரியாக்காரர், வந்த ஊர்த் தமிழ் பழகிவிட்டவர். காதர்பேட்டைச் சந்தையில் ஏற்றுமதிக்குப் போகாமல் கழிந்த பனியன்களை மொத்தமாக வாங்கி லாகோஸுக்கு அனுப்புகிறவர். ஞாயிறு என்றால் கோட்டு, பளபளக்கிற ஷூ. பின்னால் அவர் ஊர்க்காரர்கள், தலையில் பெரிய துணி கட்டிய பெண்கள். எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து பாதி வழியில் நிறுத்தப்பட்டவர்கள்போல இருந்தார்கள்.

"ஏனுங்க பாஸ்டர், இன்னும் உடைக்கலியா?"

"உங்களுக்குக் கோபமான்னு கேக்க வந்தேன்."

கெல்வின் சிரித்தார். அதில் சிரிப்பு இல்லை.

"வீட்டுக்காரர் பூட்டினார். லாட்ஜ்காரர் பூட்டினார். இப்போ கர்த்தர் வீடு. கோபமான்னு நீங்க கேக்கறீங்களே, அதுக்கே எனக்குக் கோபம் வருது."

"அப்ப உடைக்கறதுதானே சரி?"

"நீங்க உடைங்க. நீங்க உடைச்சா வீரம். நான் உடைச்சா போலீஸ் ஸ்டேஷன்." கோட்டின் தூசியைத் தட்டினார். "உள்ளேயும் எனக்குக் கடைசி வரிசைதான். இருந்தாலும் அது என் எடம்."

"உயரமா இருக்கீங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்னுதான்..."

"தெரியும் பாஸ்டர். எல்லாரும் ஒரு காரணம் வச்சிருப்பாங்க."

பர்னபாஸ் கல்லைக் கை மாற்றிக்கொண்டார்.

மிச்சம் இருந்தவர்கள் ஸ்டேஷன் ஆட்கள். ரயில்வே மேம்பாலத்தின் கீழ் படுக்கிறவர்கள். அவர்களை வேப்பமரத்தடியில் தேடினார். கதவருகே தேடினார். காணோம்.

ஷெட்டின் பக்கவாட்டுச் சுவரோரம் இருந்தார்கள். கம்பி போட்ட ஜன்னலுக்குக் கீழே, சாய்ந்து உட்கார்ந்து. ஓரத்தில் வெள்ளத்தாய். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தையலுக்கு வந்து, கண் மங்கி, வேலையும் போய், ரூமும் போனவள். பக்கத்தில் அவளுடைய சாக்குமூட்டை. அவளுக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் அதற்குள் இருந்தது.

"வாங்கய்யா. இன்னைக்கு என்ன இம்புட்டு லேட்டு? வெயில் ஏறுது, பாட்டை எடுத்து விடுங்க."

"வெள்ளத்தாயி, கதவைப் பூட்டிட்டாங்க."

"எந்தக் கதவு?"

"எந்தக் கதவா? சபைக் கதவு! கட்டடக்காரர் இன்னொரு பூட்டுப் போட்டுட்டார். உள்ளே போக முடியாது."

வெள்ளத்தாய் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள்.

"ஜன்னலையும் சாத்திட்டாகளா?"

"இல்ல. ஜன்னல் திறந்துதான் இருக்கு."

"பெறகு என்னய்யா?"

பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார்.

"டீயும் இந்த வழியாத்தான் வருது" என்றாள் வெள்ளத்தாய். "திருவிருந்து அப்பமும் இந்தக் கம்பிக்கு நடுவாலதான் தாரீக. எங்களுக்கு எதுக்குய்யா கதவு?"

"நான் உங்களை உள்ளே வரவேண்டாம்னு சொன்னதில்லையே."

"நீங்க எதுக்குச் சொல்லுதீக? மூட்டையை வெளிய வச்சுட்டு வாங்கன்னுதான் சொன்னீக. பாயில பூச்சி ஏறும்னு சொன்னீக. நியாயந்தான். மூட்டையை விட்டுட்டு நான் எப்படி வர? திரும்பி வந்தா இருக்குமா?" அவள் மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னீக. அந்த மாதிரி யாரும் சொன்னதில்ல."

பர்னபாஸ் அங்கேயே நின்றார். சாயப்பட்டறைத் தண்ணீர் சாக்கடையில் ஊதா நிறமாய் ஓடியது. கல் இப்போதுதான் உண்மையில் கனத்தது.

அவர் திரும்பி வந்தபோது சிஸ்டர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எல்லாருக்கும் கோபமுங்களா?"

"நீங்க தொடக்க ஆராதனைக்கு வந்தீங்கல்ல?" பர்னபாஸின் குரல் உயர்ந்தது. மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவங்க வெளியே இருக்கறதை அன்னிக்கே பார்த்துட்டீங்க. பார்த்துட்டுப் பேசாமப் போயிட்டீங்க."

"அன்னிக்கு நான் எங்கே உக்காந்திருந்தேன்?"

அவருக்கு நினைவு வந்தது. வெளியே, ஜன்னலடியில். சுவரில் சாய்ந்து.

"காத்து வேணும்போலன்னு நினைச்சேன்" என்றார் பர்னபாஸ். "ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பி வச்சேன்."

"நல்லாத்தான் வீசுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!"

"சொன்னா உடனே கேட்டிருப்பீங்கண்ணா. உங்க மேலயே கோபம் வந்திருக்காது."

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சாமியப்பன் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் சாவி. பர்னபாஸின் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"ஏனுங்க, கல்லு எதுக்கு? நான் என்ன கோயிலையா மூடச் சொன்னேன்? உங்க ஜனங்க தாராளமா உள்ளே போகட்டும். அந்த ஆப்பிரிக்காக்காரனுக மட்டும் வேண்டாம். ஸ்டேஷன் ஆளுக இருக்கட்டும், நீங்க வெச்ச எடத்துலயே இருக்கட்டும். ஜன்னலுக்கு வெளியதானே? அதுல எனக்கு ஒண்ணுமில்ல. அதே மாதிரி இவங்களையும் வெச்சுக்கங்க. நான் புதுசா எதுவும் சொல்லலையே?"

கெல்வின் காலில் போட்டிருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமியப்பன் தன் பூட்டைக் கழற்றினார். "உங்க பூட்டை நீங்க தெறந்துக்கங்க."

கதவு இன்னும் பூட்டியே இருந்தது.

"தெறங்கண்ணா" என்றார் அமிர்தராஜ். "குழந்தைக நிக்குது."

பர்னபாஸ் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. தோள்பையை இறக்கி, தண்ணீர்ப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

பர்னபாஸ் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தார். கல்லை வாசலில் போட்டார். குடும்பங்கள் நகரத் தொடங்கின. அவர்களுக்கு எதிராக நடந்து பக்கவாட்டுச் சுவருக்குப் போனார். குனிந்து சாக்குமூட்டையைத் தூக்கினார்.

வெள்ளத்தாய் பதறிப்போய் எழுந்தாள். "ஐயா, ஐயா! மூட்டையை எங்கய்யா கொண்டு போறீக?"

"உள்ளே."

"பூச்சி ஏறுமே?"

"ஏறட்டும்."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளத்தாய் அதன் நுனியை விடாமல் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூட்டைகளும் எழுந்தன.

சாமியப்பன் கையை நீட்டி மறித்தார். "நான் சொன்னது காதுல விழலீங்களா?"

"விழுந்துச்சுங்க. என் குரல் மாதிரியே இருந்துச்சு."

"என்ன உளர்றீங்க? அடுத்த மாசம் எடத்தைக் காலி பண்ணிரணும்!"

"பண்ணிர்றோம். இன்னிக்கு ஆராதனை இருக்குது. வழி விடுங்க."

தலையில் மூட்டையோடு நிற்கிற மனுஷனை எப்படித் தடுப்பது என்று சாமியப்பனுக்குத் தெரியவில்லை. கை தானாகக் கீழே வந்தது.

"கெல்வின்!" பர்னபாஸ் திரும்பாமலே கத்தினார். "முன்னாடி வாங்க. மறைச்சா மறைக்கட்டும்."

முன்வரிசைப் பாயில் மூட்டை இறங்கியது. பக்கத்தில் வெள்ளத்தாய் உட்கார்ந்தாள். ஷெட்டின் உள்பக்கத்தை முதல்முறையாகப் பார்க்கிறவளாகத் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். கோட்டோடு கெல்வின் வந்தார், கோட்டோடு பாயில் உட்கார்ந்தார். அமிர்தராஜின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அமிர்தராஜ் இன்னும் வெளியில்தான் நின்றார்.

யாரோ பாட்டை எடுத்தார்கள்.

பழைய கதவு அது. விட்டால் தானாகவே வந்து சாத்திக்கொள்ளும். பர்னபாஸ் வாசலுக்குப் போய், கீழே கிடந்த கல்லைக் காலால் உருட்டி, கதவுக்கு அணை கொடுத்துவிட்டு வந்தார்.